கார்புரேட்டரும் இன்ஜெக்ஷன் பம்பும்: ஓர் இல்லத்து வழக்கு



இப்பகுதியில் நாம் பெரும்பாலும் பிள்ளைகளின் கல்வி, வீட்டுச் செலவு, சொந்த ஊரோடு உள்ள தொடர்பு ஆகியவை பற்றியே எழுதி வருகிறோம். இத்திங்கள் ஒரு மோட்டார் வண்டியின் கதையை எடுத்துக்கொண்டமை கண்டு சிலர் வியக்கக்கூடும். ஆயினும், கைத்தொழில் அறிந்த ஒரு தமிழ்க் குடும்பத்தில் அந்த அறிவு தலைமுறை கடந்து என்ன ஆகிறது என்பதும் இக்கதையில் அடங்கியிருக்கிறது. ஆதலின் பொறுமையோடு படிக்க வேண்டுகிறோம்.

அல்சூருக்கும் இந்திரா நகருக்கும் இடையே உள்ள ஜோகுபாளையத்தில், குறுகிய தெரு ஒன்றில், உடன்பிறந்தார் இருவர் வாழ்கின்றனர். வடார்க்காட்டிலிருந்து சிறு பிராயத்தில் பெங்களூருக்கு வந்தவர்கள். இருவருக்கும் இப்போது எழுபதுக்கு மேல் வயது. மூத்தவர் பெட்ரோல் வண்டிகளைப் பழுது பார்த்தவர். பியட் வண்டியின் கார்புரேட்டரைக் கண்ணை மூடிக்கொண்டே கழற்றிப் பூட்டக்கூடியவர். இளையவர் லாரிகளின் டீசல் பம்புகளைத் திறந்து சீர்செய்யும் பம்ப் அறையில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் உழைத்தவர்.

இவ்விருவருக்கும் ஒரு நெடுநாள் வழக்கு உண்டு. "பெட்ரோல் எஞ்சினுக்குக் கார்புரேட்டரே ஏற்றது, காதால் கேட்டு, மூக்கால் முகர்ந்து, ஒரு திருகாணியைத் திருப்பிச் சரிசெய்துவிடலாம்" என்பார் மூத்தவர். "அண்ணா, குத்துமதிப்பாக ஊற்றுவதும் அளந்து கொடுப்பதும் ஒன்றாகுமா?" என்பார் இளையவர். பண்டிகை நாட்களில் இலை போட்டு உட்கார்ந்தால் சாம்பார் வருவதற்கு முன்பே இவ்வழக்கு வந்துவிடும். வீட்டுப் பெண்டிர் இதைக் கேட்டுக் கேட்டுச் சலித்தவர்கள்.

சில திங்கள்களுக்கு முன் இவ்வழக்கு விளையாட்டுப் பேச்சாக இல்லாமல், பணமும் முடிவும் சார்ந்த ஒன்றாக மாறியது. மூத்தவரின் பேரன் அமெரிக்காவில் பணிபுரிகிறான். தன் சேமிப்பில் ஒரு பகுதியைச் செலவிட்டு, 1970-களில் செய்யப்பட்ட இத்தாலியத் திறந்த ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை வாங்கினான். அந்த வண்டியில் கார்புரேட்டர் இல்லை. பெட்ரோலை அளந்து செலுத்தும் இயந்திர இன்ஜெக்ஷன் பம்ப் இருந்தது. எஞ்சின் சூடேறியதும் கரும்புகை கக்கியது. பெட்ரோல் வாடை வீசியது. சிக்னலில் நின்றால் அணைந்தது. அங்கே காட்டிய இடத்தில், "இந்தப் பம்பை எறிந்துவிட்டு இரண்டு கார்புரேட்டர்களைப் பொருத்துவதே வழி" என்றார்களாம். செலவோ அவனது இரண்டு திங்கள் வீட்டு வாடகைக்கு நிகர். எறிவதற்கு முன் தாத்தாவைக் கேட்டுவிடுவோம் என்று ஒரு ஞாயிறு மாலை கைப்பேசியில் அழைத்தான். அன்று நாமும் அவ்வில்லத்தில் இருந்தோம்.

வழக்கு விளங்க வேண்டுமானால், கருவிகள் இரண்டையும் பற்றிச் சிறிது கூறவேண்டும்.

பெட்ரோல் எஞ்சின் உண்பது காற்றும் பெட்ரோலும் கலந்த கலவை. எடைக் கணக்கில் பெட்ரோல் ஒரு பங்குக்குக் காற்று ஏறத்தாழ 14.7 பங்கு இருந்தால் எரிதல் முழுமையாகும். பெட்ரோல் மிகுந்தால் கரும்புகையும் வீண்செலவும். குறைந்தால் எஞ்சின் திணறும், சூடேறும். இந்த விகிதத்தைக் காப்பதே இவ்விரு கருவிகளின் கடமை.

கார்புரேட்டர் இதனைக் காற்றின் ஓட்டத்தைக் கொண்டே செய்கிறது. எஞ்சின் காற்றை உள்ளிழுக்கும் குழாயில் ஓரிடம் கழுத்துப்போல் ஒடுங்கியிருக்கும். அவ்விடத்தில் காற்று விரைந்து செல்லும். விரையும்போது அதன் அழுத்தம் குறையும். அருகே மிதவை அறையில் நிற்கும் பெட்ரோல், ஜெட் என்னும் நுண்துளை வழியே அக்கழுத்துக்குள் ஈர்க்கப்பட்டுத் துளித்துளியாகக் காற்றோடு கலக்கும். நம் வீடுகளில் முன்பு இருந்த பம்ப் ஸ்டவ்வின் துளையைப் பின் குத்திச் சுத்தம் செய்த தாய்மார்களுக்கு ஜெட் அடைப்பது எத்தகைய தொல்லை என்பது தெரியும். கருவி எளியது, விலை குறைந்தது, சாலையோரத்திலேயே கழற்றி ஊதிப் பூட்டலாம்.

எளிமைக்கு ஒரு விலையும் உண்டு. கார்புரேட்டர் காற்றின் விரைவை உணருமேயன்றி அதன் அடர்த்தியை அறியாது. பெங்களூர் கடல் மட்டத்துக்கு ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் இருப்பதால், இங்குள்ள காற்று சென்னைக் காற்றைவிட நூற்றுக்கு எட்டு ஒன்பது பங்கு அடர்த்தி குறைந்தது. சென்னையில் சரிசெய்த வண்டி இங்கே வந்தால் கலவையில் பெட்ரோல் சிறிது மிகும். இங்கே இறுக்கிச் சரிசெய்த வண்டி பொங்கலுக்கு ஊர் திரும்பி மலைச்சரிவு இறங்கினால் பெட்ரோல் குறைபடும். "வேலூர் தாண்டினால் வண்டி வேறு குரலில் பேசும்" என்று மூத்தவர் சொல்வதன் பொருள் இதுவே. பியட் வண்டி வைத்திருந்த குடும்பங்கள் பல, ஊருக்குப் புறப்படுமுன் அவரிடம் வந்து திருகாணியைத் திருப்பிச் சென்றதுண்டு.

மற்றொரு குறை மிதவை அறையில் உள்ளது. வண்டி வளைவில் விரைந்து திரும்பினால் அறையிலுள்ள பெட்ரோல் ஒரு பக்கம் சாயும். 1940-இல் பிரிட்டிஷ் போர் விமானிகள் இதனைக் கடுமையாக உணர்ந்தனர். அவர்களுடைய மெர்லின் எஞ்சினில் மிதவைக் கார்புரேட்டர் இருந்தது. விமானம் திடீரெனத் தலைகுனிந்து பாய்ந்தால் எஞ்சின் இருமி நிற்கும். எதிரியின் டைம்லர்-பென்ஸ் எஞ்சினில் பெட்ரோலை நேரே செலுத்தும் பம்ப் இருந்தமையால் அது தயங்காமல் பாயும். பியாட்ரிஸ் ஷில்லிங் என்னும் பொறியியல் அம்மையார் 1941-இல் நடுவே துளையிட்ட ஒரு சிறு தகட்டைப் பெட்ரோல் வழியில் வைத்து அக்குறையைப் பெரிதும் தணித்தார்.

இனி இத்தாலியின் கதைக்கு வருவோம். 1923-இல் போலோஞா நகரில் எதுவார்தோ வெபர் என்பவர் தொடங்கிய தொழிற்சாலையே பிற்காலத்தில் இத்தாலிய ஸ்போர்ட்ஸ் கார்களின் மூச்சுக்குழாய் ஆயிற்று. அவர் முதலில் செய்தது பந்தயத்துக்காக அன்று. பெட்ரோல் விலை மிகுந்த நாளில் பியட் வண்டிகளின் செலவைக் குறைக்கும் பொருட்டே செய்தார். பின்னர் ஒரே உடலில் இரண்டு கழுத்துகளைக் கொண்ட வெபர் கார்புரேட்டர்கள் புகழ்பெற்றன. 1968-இல் வெளிவந்த பெராரி டேடோனாவின் பன்னிரண்டு சிலிண்டர்களுக்கு அத்தகைய கார்புரேட்டர்கள் ஆறு வேண்டியிருந்தன. ஆக, பன்னிரண்டு கழுத்துகள். பன்னிரண்டும் ஒரே அளவில் மூச்சுவிட்டால்தான் எஞ்சின் இசைவாக ஓடும். ரப்பர் குழாயின் ஒரு முனையைக் காதிலும் மறுமுனையைக் கார்புரேட்டரின் வாயிலும் வைத்து, காற்றின் ஒலியை ஒப்பிட்டுச் சமன்செய்வது அக்காலத்து மெக்கானிக்குகளின் வழக்கம். நம் மூத்தவரும் இரண்டு கார்புரேட்டர் பூட்டிய வண்டிகளை அவ்வாறே சரிசெய்தவர். அந்த ரப்பர் குழாய் இன்றும் அவர் வீட்டு ஆணியில் தொங்குகிறது.

இன்ஜெக்ஷனையும் இத்தாலியர் விரைவிலேயே முயன்றனர். 1961-இல் மஸராட்டி நிறுவனம் தன் 3500 வண்டியில் ஆங்கிலேய லூகாஸ் நிறுவனத்தின் இயந்திர இன்ஜெக்ஷனைப் பொருத்தி விற்றது. சக்தி மிகுந்தது உண்மை. ஆனால் பின்னாளில் அவ்வண்டிகளின் உரிமையாளர்கள் பலர் அதனைக் கழற்றிவிட்டு வெபர்களைப் பொருத்திக்கொண்டனர். ஆல்பா ரோமியோ நிறுவனத்துக்கோ இது கட்டாயத்தின் பேரில் வந்தது. 1968 முதல் அமெரிக்காவில் புகைக் கட்டுப்பாட்டு விதிகள் நடைமுறைக்கு வந்தன. கார்புரேட்டரோடு அவ்விதிகளை நிறைவேற்றுவது கடினமாகவே, 1969 முதல் 1981 வரை அமெரிக்காவுக்கு அனுப்பிய வண்டிகளில் ஸ்பிகா என்னும் இயந்திரப் பம்ப் பொருத்தப்பட்டது. ஐரோப்பாவில் விற்ற அதே வகை வண்டிகள் பெரும்பாலும் கார்புரேட்டரோடே ஓடின. 1970-இல் வந்த எட்டுச் சிலிண்டர் மான்ட்ரியால் வண்டி மட்டும் எங்கும் ஸ்பிகாவோடே விற்கப்பட்டது.

இந்த ஸ்பிகா எங்கிருந்து வந்தது? லிவோர்னோ நகரில் டீசல் இன்ஜெக்ஷன் பம்புகள் செய்துவந்த நிறுவனம் அது. டிராக்டர் எஞ்சின்களால் பெயர்பெற்ற பிரான்செஸ்கோ கஸ்ஸானியின் பெயர் அதன் பெயரிலேயே அடங்கியிருக்கிறது. செந்நிற ஸ்போர்ட்ஸ் காரின் இதயத்துக்கு உணவு செலுத்திய கருவி, உழவு டிராக்டரின் கருவிக்கு உடன்பிறப்பு என்பதை அன்பர்கள் மனத்தில் கொள்ளவேண்டும். வழக்கின் முடிவு இங்கேதான் இருக்கிறது.

அந்தப் பம்ப் வேலை செய்யும் முறை இது. நான்கு சிலிண்டர் எஞ்சினுக்கு நான்கு சிறு உலக்கைகள். ஒவ்வொன்றும் தன் சிலிண்டருக்கு உரிய பெட்ரோலை அளந்து, அழுத்தத்தோடு உள்ளிழு குழாயில் பீச்சும். அளவைத் தீர்மானிப்பது வளைந்தும் மேடு பள்ளமாகவும் கடையப்பட்ட ஓர் எஃகுத் துண்டு. ஓட்டுநர் மிதியை அழுத்தினால் அது சுழலும். எஞ்சின் விரைந்தால் அது நெடுக்கில் நகரும். இவ்வளவு மிதி, இவ்வளவு வேகம் என்றால் இவ்வளவு பெட்ரோல் என்னும் வாய்ப்பாடு முழுவதும் அந்த எஃகின் மேற்பரப்பில் செதுக்கப்பட்டிருக்கிறது. காற்றின் அழுத்தத்தை உணரும் ஒரு சிறு உறையும் உள்ளே உண்டு. மலையேறினால் அது விரிந்து பெட்ரோலைக் குறைக்கும். பெங்களூரிலிருந்து சென்னைக்கு இறங்கும்போது மூத்தவர் கையால் திருப்பும் திருகாணியை, இங்கே பம்ப் தானே திருப்பிக்கொள்கிறது என்று கூறலாம். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது பெட்ரோலை மிகுதியாகக் கொடுத்து, சூடேறியதும் குறைக்கும் கருவி ஒன்றும் அதனோடு சேர்ந்தது. இவை அனைத்தும் மின்னணுச் சில்லு ஒன்றும் இன்றி நடைபெறுகின்றன.

அங்ஙனமாயின், இத்துணை அறிவுடைய கருவியை ஏன் எறிந்தனர்? பழுது ஏற்பட்டபோது அதனைப் படிக்கத் தெரிந்தவர் அருகில் இல்லை. கார்புரேட்டர் அறிந்த மெக்கானிக், தனக்குத் தெரிந்தவாறு ஒரு திருகாணியைத் திருப்புவார், சரிப்படாது, மற்றொன்றைத் திருப்புவார். இறுதியில் தொழிற்சாலை வைத்த அளவு முழுவதும் கலைந்துவிடும். அதன்பின் பம்ப் கெட்டது என்று தீர்ப்பு எழுதப்படும். கார்புரேட்டரோ அரைகுறை அறிவையும் பொறுத்துக்கொள்ளும். சிறிது தவறினாலும் வண்டி எவ்வாறோ ஓடும்.

இங்கேதான் நம் பெங்களூரின் சிறப்பைக் கூறவேண்டும். அமெரிக்க மெக்கானிக்குகள் அஞ்சிய அக்கருவியின் டீசல் உறவினை நம்மவர் அன்றாடம் கையாண்டனர். 1951-இல் இந்நகரில் தொடங்கப்பட்ட மோட்டார் இண்டஸ்ட்ரீஸ் நிறுவனம், மைக்கோ என்ற பெயரால் வீடுதோறும் அறியப்பட்டது. ஜெர்மனியின் பாஷ் நிறுவனம் 1927 முதல் பெருமளவில் செய்துவந்த டீசல் பம்பின் வழிவந்த பம்புகளை ஆடுகோடியில் செய்து, நாடெங்கும் ஓடிய லாரிகளுக்கும் பேருந்துகளுக்கும் அளித்தது. 2008-இல் அது பாஷ் லிமிடெட் என்று பெயர் மாறியது; பின்னர் ஆடுகோடி உற்பத்தி பிடதிக்குச் சென்றது. இத்தகைய பம்புகளைச் சீர்செய்யும் அறைகள் நாமக்கல், சங்ககிரி, சேலம் முதலிய லாரி ஊர்களில் எல்லாம் தோன்றின. பள்ளிப் படிப்பை முடிக்காத இளைஞரும் அங்கே பயின்று, பம்பைச் சோதனை மேடையில் ஏற்றி, ஒவ்வோர் உலக்கையும் எவ்வளவு எண்ணெய் விடுகிறது என்று கண்ணாடிக் குழாய்களில் அளந்து, எல்லாம் சமமாக நிற்கும்வரை திருத்தினர். அயல்நாட்டில் புதிர் எனப்பட்டது நம் ஊரில் கூலித் தொழிலாக இருந்தது.

அன்று மாலை நடந்ததைக் கூறுவோம். பேரன் கைப்பேசியை எஞ்சின்மேல் காட்டினான். முதலில் பார்த்தவர் மூத்தவர். புகையைக் கண்டார், ஓசையைக் கேட்டார், குளிர்ந்த நிலையில் எவ்வாறு ஓடுகிறது என்று வினவினார்.

"காலையில் முதல் பத்து நிமிடம் நன்றாகவே ஓடுகிறது, தாத்தா. சூடேறினால்தான் தொல்லை" என்றான் பேரன்.

"அப்படியானால் சோக் இழுத்தபடியே நிற்கிறது. வேறொன்றும் இல்லை" என்றார் மூத்தவர்.

"இதில் சோக்கே கிடையாதே, தாத்தா!"

மூத்தவர் வாயடைத்து நின்றார். அப்போது இளையவர் கைப்பேசியை வாங்கிச் சிறிது நேரம் உற்றுப் பார்த்தார். "அண்ணா சொன்னது சரியே. சோக் இருக்கிறது, இடம்தான் வேறு. பம்பின் பின்புறம் ஒரு மெல்லிய குழாய் ஒட்டியிருக்கிறதே, அதன் மறுமுனை எங்கே போகிறது என்று காட்டு, தம்பி" என்றார். அது எஞ்சினின் வெந்நீர் ஓடும் வழிக்குச் சென்றது. வெப்பத்தை உணர்ந்து ஒரு சிறு கம்பியை நீட்டிப் பெட்ரோலைக் குறைக்க வேண்டிய கருவி அதுதான்.

"அதைக் கழற்றி, உணர்முனையைக் கொதிநீரில் வைத்துப் பார். கம்பி நீளவில்லையென்றால் குற்றம் அதில். பம்பின்மேல் கை வைக்காதே, ஒரு திருகாணியையும் திருப்பாதே" என்று சொல்லி முடித்தார் இளையவர்.

அடுத்த ஞாயிறு பேரன் மீண்டும் அழைத்தான். கொதிநீரில் வைத்தும் கம்பி அசையவில்லையாம். ஐம்பது ஆண்டு முதுமை அந்தச் சிறு கருவியைச் செயலற்றதாக்கியிருந்தது. சீர்செய்த கருவி ஒன்றை வாங்கிப் பொருத்தியதும் புகை நின்றது. சிக்னலில் அணைவதும் நின்றது. பம்ப் குற்றமற்றது. செலவு கார்புரேட்டர்களுக்குக் கேட்ட தொகையில் சிறு பங்கே ஆயிற்று.

வழக்கில் வென்றவர் யார்? நோயைக் கண்டவர் கார்புரேட்டர்க்காரர். நோய் இருந்த இடத்தைக் கண்டவர் பம்ப்க்காரர். ஒருவரில்லாமல் மற்றவரால் முடிந்திராது. கருவிகளைப் பற்றி நம் கருத்தைக் கேட்பின் இவ்வாறு கூறுவோம். அளவின் துல்லியத்திலும், மேடு பள்ளங்களுக்கு ஈடுகொடுப்பதிலும், புகையைக் குறைப்பதிலும் இன்ஜெக்ஷன் பம்ப் மேலானது. எளிமையிலும், மலிவிலும், எங்கும் சீர்செய்யக் கூடியதாய் இருப்பதிலும் கார்புரேட்டர் மேலானது. பழைய வண்டி வைத்திருப்பவர், அருகில் எதனை அறிந்தவர் உளர் என்று பார்த்தே முடிவு செய்யவேண்டும். அறியாதவர் சொல் கேட்டு எதனையும் எறிதல் கூடாது.

உலகமோ இவ்விரண்டையும் கடந்து சென்றுவிட்டது. அந்த ஸ்போர்ட்ஸ் கார்களில் 1982 முதல் மின்னணு இன்ஜெக்ஷன் இடம்பெற்றது. டீசலிலும் பழைய பம்பின் காலம் முடிந்தது. அதனை முடித்துவைத்த காமன் ரெயில் முறையைப் பயணிகள் காரில் முதன்முதல் கொண்டு வந்ததும் 1997-இன் ஆல்பா ரோமியோ 156 வண்டியே. நம் நாட்டில் 2020 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த பாரத் ஸ்டேஜ் 6 விதிகளால், புதிய மோட்டார் சைக்கிள்களிலும் கார்புரேட்டர் ஏறக்குறைய மறைந்தது. பம்ப் அறைகள் பல மூடப்பட்டன. மூத்தவரின் பட்டறையும் மூடிக் கிடக்கிறது. அவருடைய கருவிகளைப் பழைய இரும்புக்குப் போட்டுவிடலாம் என்ற பேச்சும் அவ்வில்லத்தில் எழுந்திருந்தது.

அந்தப் பேச்சு இப்போது நின்றுவிட்டது. இளையவரின் பேத்தி ஒருத்தி பாலிடெக்னிக்கில் மோட்டார் வண்டித் தொழில் பயில்கிறாள். மின்னணு இன்ஜெக்ஷனை அவளுக்குக் கணினியின் துணைகொண்டு கற்பிக்கின்றனர். கணினி காட்டும் எண்ணுக்குப் பின்னால் கலவை மிகுந்தால் என்ன வாடை, குறைந்தால் என்ன ஓசை என்பதை அறிந்தவர் அவள் வீட்டிலேயே இருவர் உள்ளனர். வாரம் ஒரு மாலை அவள் இருவரையும் கேள்வி கேட்டு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வருகிறாள். நாம் சென்றபோது பதினேழு பக்கம் நிறைந்திருந்தது. ரப்பர் குழாயைக் காதில் வைத்துக் கேட்கவும் பழகியிருக்கிறாள்.

அன்பர்களே! ஊர் விட்டு ஊர் வந்த நம் முன்னோர் பலர் நிலத்தைக் கொண்டு வரவில்லை. பொன்னையும் கொண்டு வரவில்லை. கையில் ஒரு தொழிலைக் கொண்டு வந்தனர். அல்லது வந்த இடத்தில் கற்றுக்கொண்டனர். தச்சோ, தையலோ, அச்சுக் கோப்பதோ, எஞ்சின் பிரிப்பதோ, அது எதுவாயினும், கருவி பழையதாகலாம். அதனுள் இருக்கும் அறிவு மற்றொரு கருவிக்குப் பயன்படும். உங்கள் இல்லத்திலும் அத்தகைய முதியவர் இருப்பின், அடுத்த விடுமுறை நாளில் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு அவர் அருகில் அமருங்கள். அவர் சொல்வதை எழுதிக்கொள்ளுங்கள். கருவிகளை இரும்புக் கடைக்கு அனுப்புவது பற்றி அதன்பின் யோசிக்கலாம்.

சகோதரர் இருவரின் வழக்கு ஓய்ந்ததா என்று கேட்பீர்கள். ஓயவில்லை. சென்ற வாரமும் இலையின் முன் அதே பேச்சுத்தான். ஆனால் இம்முறை வீட்டுப் பெண்டிர் சலித்துக்கொள்ளவில்லை; பேத்தி எழுதிக்கொண்டிருந்தாள்.